17-ஐத் தாண்டாத நெல்லும் டெல்லியிலிருந்து வராத பதிலும்

(தஞ்சையில் நடந்த நமது தகவல் தொழில்நுட்ப அணிக் கலந்துரையாடலில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கும்பகோணம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் இருந்து வேலையை விட்டுட்டு வந்திருக்கிற தோழர்களுக்குத் தனியா ஒரு நன்றி.

எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அதனால ஒரே ஒரு எண்ணைப் பத்தி மட்டும் பேசுறேன். அந்த எண் 17.

அரசு கொள்முதல் நிலையத்துல நெல்லை எடுக்கணும்னா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்குறது நம்ம நுகர்பொருள் வாணிபக் கழகம்தான். ஆனா 2002-ல இருந்து மத்தியத் தொகுப்புக்காக வாங்கித் தர்றாங்க. அதனால விதி டெல்லியோடது.

2025 அக்டோபரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தாச்சு, குறுவை நல்லா விளைஞ்சது. எங்க சித்தப்பாவுக்குப் பத்து மா. மெஷின் விட்டு அறுத்து, நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினார். மீட்டர் 20 காட்டுச்சு. "காயவச்சுக் கொண்டாங்க"ன்னாங்க. எங்க காயவைக்கிறது? வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே கிடந்தார். நாலாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினா, அடி நெல்லு வெள்ளையா முளை விட்டிருக்கு. மிச்சத்தை வியாபாரிக்குப் போட்டுட்டு வந்து, ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

இதுல சித்தப்பா பண்ண தப்பு என்ன? அந்தக் காலத்துல ஆள் வச்சு அறுத்து, கட்டுக் கட்டி, களத்துல அடிச்சு, காயவச்சுத்தான் நெல்லு வெளிய வரும். இப்ப மெஷின் வயல்லயே மணியாக் கொட்டிடுது. ஈரத்தோட, ஒரே வாரத்துல, ஊரு மொத்தமும். களமும் பாதி ஊர்ல இல்ல, ரோடுதான் களம். குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோட வாசல்ல வந்து நிக்குது. 17-ங்கிற விதிக்கு இது எதுவும் தெரியாது.

சரி, தளர்வு கேட்டா? மாநில அரசு கடிதம் எழுதணும். மத்தியக் குழு வரணும். மாதிரி எடுக்கணும். அது ஆய்வகம் போகணும். 2023 பிப்ரவரியில இப்படித்தான் 20 வரைக்கும் தளர்த்தினாங்க. 2025-ல 22 கேட்டோம், குழுவும் வந்து பார்த்துட்டுப் போச்சு, நவம்பர்ல "முடியாது"ன்னு பதில். அதுக்குள்ள முளைச்ச நெல்லு எந்தப் பதிலுக்கும் காத்திருக்கல.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும். 22 சதவீத ஈரத்துல 100 கிலோ நெல்லுன்னா, தண்ணி போக 78 கிலோ. அதையே 17-க்குக் காயவச்சா எடை 94 கிலோ வரும். நஷ்டம் 6 கிலோ தண்ணி. 2025-26-ல பொது ரகத்துக்கு விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மத்திய அரசு 2,369, மாநில ஊக்கத்தொகை 131. அப்ப அந்தத் தண்ணியோட விலை 150 ரூபாய்! அதைக் கழிச்சுக்கோங்க, காயவைக்கிற செலவையும் நியாயமாக் கழிச்சுக்கோங்க, நெல்லை அன்னைக்கே எடுங்க. வியாபாரி எங்க சித்தப்பாகிட்ட குறைச்சது இதைப் போல நாலு மடங்குக்கு மேல. விலையை உயர்த்தினோம்னு யார் வேணா போஸ்டர் ஒட்டலாம். எடுக்க மாட்டேன்னு சொல்ற நாள்ல அந்த விலைக்கு என்ன அர்த்தம்?

எதிர்த்தரப்பு ஒண்ணு சொல்வாங்க, அதையும் ஒத்துக்கணும். ஈர நெல்லை அப்படியே அடுக்கினா சூடேறும், பூஞ்சை வரும், அரிசி பழுப்பேறும். உண்மை. அதனாலதான் வெறும் தளர்வு மட்டும் கேட்டா பத்தாதுன்னு சொல்றேன். உலர்த்தும் இயந்திரம் வேணும், டெல்டாவுல ஒவ்வொரு வட்டாரத்துக்கும். லாரியில ஏத்திக் கொண்டுபோறதா இருந்தாலும் சரி. எடுத்த மூட்டையை உடனே நகர்த்தணும், கூரையோட கிடங்கு வேணும். இதெல்லாம் டெல்லி வேலை மட்டும் இல்ல, சென்னை வேலையும்தான். கோட்டையில யார் உக்காந்திருந்தாலும் கேக்கணும். இதைச் சொல்றதுக்கு நம்ம பக்கத்துலயே சிலருக்குச் சங்கடமா இருக்கும், பரவாயில்ல.

ஒரு வேண்டுகோள். போன அக்டோபர்ல நம்ம பக்கத்துல போட்ட பதிவுகளை எண்ணிப் பார்த்தேன். மீம்ஸ்தான் அதிகம். மீட்டர் காட்டின எண்ணோட ஒரு படம்கூட இல்ல! அடுத்த அறுப்புக்கு உங்க ஊர்க் கொள்முதல் நிலையத்துக்குப் போங்க. நெல்லு வந்த தேதி, எடுத்த தேதி, மீட்டர் எண், அன்னைக்கு மழை உண்டா இல்லையா, இந்த நாலும் போதும். அங்க வேலை பாக்குற லோடுமேன் அண்ணன்கள், பட்டியல் எழுத்தர்கள்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க; விதியை அவங்க போடல. விவசாயி பேரு, போன் நம்பர் எதையும் பதிவுல போடாதீங்க. விவரத்தை மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்க, நான் அட்டவணையாப் போட்டுத் தர்றேன்.