பயோடேட்டாவில் அப்பா பெயர் எதற்கு?

(வேலை தேடும் இளைஞர்களுக்கான வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பயோடேட்டா படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், அவர் தொழில், மதம், சாதி, நிரந்தர முகவரி. இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கும்.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அதன் பலனாக இன்று தமிழ்நாட்டில் பெயரை மட்டும் பார்த்துச் சாதியைச் சொல்வது கடினம். ஆனால் பெயரில் விட்டதை ஊர், தெரு, அப்பாவின் தொழில் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

இது வெறும் சந்தேகம் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

அதனால் தனியார் வேலைக்கான விண்ணப்பத்தில் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், இப்போது இருக்கும் நகரம் ஆகியவை போதும். மதம், சாதி, அப்பா பெயர், திருமண நிலை, தெரு முகவரி எதுவும் வேண்டாம். அரசு வேலை என்றால் கதை வேறு. அங்கே இடஒதுக்கீடு நம் உரிமை. சாதிச் சான்றிதழைத் தயங்காமல் வையுங்கள்.

மிச்சமாகும் இடத்தில் உங்கள் உழைப்பை எழுதுங்கள். விடுமுறையில் செல்போன் கடையில் நின்றதும் கேட்டரிங் வேலைக்குப் போனதும் அனுபவம்தான். தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்திருந்தால், 'சமூகப் பணியில் ஆர்வம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், என்ன பாடம் என்று எழுதுங்கள்.

நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம். "அப்பா கூலி வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. படிக்கும்போதே வேலை பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் வேலைத்திறனுக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள்.

'இது சாதியை மறைப்பது ஆகாதா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஆகாது. கணக்கு எழுதும் வேலைக்கும் நம் தெருவுக்கும் தொடர்பில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டால் பதில் சொல்ல மறுப்பதும் சுயமரியாதைதான். அம்பேத்கர் வாசகர் வட்டத்தில் இருந்ததைப் பெருமையாக எழுத விரும்பினால் எழுதுங்கள். அது உங்கள் முடிவு.

ஒரு தாளைத் திருத்தினால் பாகுபாடு ஒழிந்துவிடாது. அதனால்தான் தனியார் துறையிலும் இடஒதுக்கீடு கேட்கிறோம். முதல் கட்டத் தேர்வில் பெயரை மறைத்துப் பரிசீலிக்கச் சொல்கிறோம். அந்தப் போராட்டம் தொடரும். அதுவரை உங்களுக்கு வேலை வேண்டும், வீட்டுக்குச் சம்பளம் வேண்டும்.

கொண்டுவந்திருக்கும் பயோடேட்டாவை வெளியே எடுங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, வேண்டாத வரிகளை இப்போதே அடிப்போம்.