ஆடைக்குள் நுழையும் கண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வீதியிற் செல்லும் ஒருவரைப் பொலிசார் மறித்துச் சட்டைப் பையைத் துழாவினால், அவர் அதனை உணர்வார். "என்ன காரணம்?" என்று கேட்பார். அருகில் நிற்போரும் காண்பர். ஆனால் தொடாமலும் நிறுத்தாமலும், தூரத்தில் நின்றவாறே ஆடைக்குள் இருப்பதைக் காட்டும் பொறி ஒன்று வந்தால், யார் யாரைக் கேட்பது? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இது வெறுங் கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயோர்க் நகரப் பொலிஸ் ஆணையாளராயிருந்த றேமண்ட் கெலி, இத்தகைய பொறியொன்றைத் தமது திணைக்களம் பரீட்சித்து வருவதாக அறிவித்தார். நமது உடல் இயல்பாகவே டெராஹேர்ட்ஸ் எனப்படும் அலைகளை வெளிவிடுகின்றது. அவை துணியை ஊடுருவும்; உலோகத்தை ஊடுருவமாட்டா. ஆகவே இடுப்பில் துப்பாக்கி இருப்பின், அதன் வடிவம் திரையில் நிழலாகத் தோன்றும். நோக்கம் நல்லதே. துப்பாக்கிக்கு இரையாகும் உயிர்களைக் காப்பது பொலிசாரின் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை.

அங்ஙனமாயின், அந்நகரத்துக் குடியுரிமைச் சங்கத்தார் கவலை கொண்டது ஏன்? அமெரிக்க அரசியலமைப்பின் நாலாவது திருத்தம், நியாயமின்றி எவரையும் சோதித்தலாகாது என்கிறது. வீதியில் ஒருவரை நிறுத்தி ஆடைமேல் தடவிப் பார்ப்பதற்கும் தக்க சந்தேகம் வேண்டுமென 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது. கைக்கு விதி உண்டு. கண்ணுக்கு விதி வேண்டாமா? 2001இல் அதே நீதிமன்றம், ஒரேகன் மாநிலத்து வீடொன்றின் வெப்பத்தைத் தெருவில் நின்று பொறியால் அளந்ததும் சோதனையே, அதற்கு முன்னனுமதி வேண்டும் என்று ஐவருக்கு நால்வராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அது வீட்டைப் பற்றிய தீர்ப்பு. வீதியில் நடப்பவரின் ஆடையைப் பற்றியதன்று.

விதி இருந்தும் நடந்ததைப் பாருங்கள். 2004 ஜனவரி தொடங்கி 2012 ஜூன் வரை நியூயோர்க்கில் 44 இலட்சம் தடவைகள் மக்கள் வீதியில் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினருமாவர். தடவிச் சோதிக்கப்பட்டோரில் ஆயுதம் அகப்பட்டது ஆயிரத்துக்குப் பதினைந்து பேரிடமே. 2013 ஓகஸ்ட்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், அம்முறை நடத்தப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தார்.

பொறி வந்தால் வீண் சோதனை ஒழியும் என்பர் சிலர். 2024இல் அதே நகரின் சுரங்க இரயில் நிலையங்கள் இருபதில், வேறுவகை ஆயுதங்காணும் பொறிகளை வைத்து ஒரு மாதம் பார்த்தனர். 2,749 சோதனைகளில் 118 தடவை பொறி வீணே ஒலித்தது. 12 கத்திகள் அகப்பட்டன. துப்பாக்கி ஒன்றேனும் அகப்படவில்லை. மேலும், உடலை நோக்கும் பொறி துப்பாக்கியை மட்டுமா காட்டும்? நோயாளி மறைவாய் அணிந்திருக்கும் பையையும், மூதாட்டி மடியில் முடிந்த பணத்தையும் காட்டுமன்றோ?

பார்த்த படம் என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. விமான நிலையப் பொறிகள் படங்களைச் சேமிப்பதில்லை என்று அரசு கூறிவந்த காலத்திலேயே, புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரத்து நீதிமன்ற வாயிற் பொறியொன்றில் ஏறக்குறைய 35,000 படங்கள் சேர்ந்திருந்தமை 2010இல் வெளிவந்தது. அவை மங்கலான படங்களே. மங்கலாயினும், அவற்றுக்குரியவர்களின் சம்மதம் கேட்டவர் எவர்?

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இரயில் நிர்வாகம் 2018இல் இத்தகைய பொறிகளை வாங்கியபோது, அறிவிப்புப் பலகை வைப்பதாகவும், விரும்பாதவர் நிலையத்தை விட்டுச் செல்லலாம் என்றும் கூறியது. மறைவாகச் செய்வதிலும் இது மேலானதே. எனினும் வேலைக்குப் போகவேண்டியவன் இரயிலை விட்டு எங்கே போவான்?

ஆகவே நாம் பொறியை உடைக்கச் சொல்லவில்லை. பொறிக்கு முன் விதி வரவேண்டும் என்கிறோம். தக்க காரணம் இருத்தல் வேண்டும், மக்களுக்கு அறிவித்தல் வேண்டும், படத்தைச் சேமித்தலாகாது, பொலிசார் அல்லாத ஒருவர் கணக்குக் கேட்டல் வேண்டும். இந்நான்கும் இல்லாவிடில் காவலே வேலி தாண்டிய கதையாகிவிடும்.

பெரியோர்களே, ஒருவரைப் பாராதவிடத்தும் மதிக்கவேண்டும் என்று எமக்குக் கற்பித்தவர்கள் நீங்கள். இளைஞர்களே, நாளை இத்தகைய பொறிகளைச் செய்வோரும் இயக்குவோரும் உங்களுள் இருக்கலாம். "இதனால் எதனைக் காண முடியும்?" என்று கேட்பதோடு நில்லாது, "இதனைக் காண எமக்கு உரிமை உண்டா?" என்றும் கேளுங்கள். ஏழைக்கும் மானத்தைக் காப்பது அவன் உடுத்த ஒரு முழத் துணியே. அத்துணிக்கும் மதிப்பில்லாமற் போகும் நாளை நாம் வரவிடலாகாது.