வாசலில் வைத்த பொதி



1884ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. மறு ஆண்டில் கொட்டகலையைக் கடந்து நானுஓயா வரை சென்றது. புகையிரதம் கொணர்ந்த கடிதங்களைத் தபாலகத்திலிருந்து பையிலிட்டு மலையேற்றி வந்தவர் தோட்டத்துத் தப்பால்காரர். அப்பை தோட்டக் காரியாலயத்திற் பிரிக்கப்படும். தொழிலாளியின் கடிதம் அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்தை அடையும். உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பின்னர் வந்து சேர்ந்த துயரம் மலையகத்துக்குப் புதியதன்று. எனினும், கடிதம் எங்கே என்று கேட்பதற்கு அங்கே ஓர் ஆளாவது இருந்தார்.

இன்று கைத்தொலைபேசி வழியே வாங்கிய பொருளை மோட்டார்ச் சைக்கிளில் ஓர் இளைஞர் கொணர்கிறார். அவர் வரும் நேரமோ நண்பகல். காலைப் பெரட்டு முடிந்ததும் ஆணும் பெண்ணும் மலைக்குச் சென்றுவிடுவர். சிறார் பள்ளியிலும் பிள்ளைமடுவத்திலும் இருப்பர். 10 அடிக்கு 12 அடி அளவான காம்பிராக்கள் வரிசையாக நிற்க, கதவுகள் பூட்டியிருக்கும். முழு லயத்துக்கும் விலாசம் ஒன்றே. ஒரே பெயருடையார் இருவர் மூவர் இருப்பதும் உண்டு. இளைஞர் யாது செய்வார்? அடுத்த தோட்டத்துக்கு அவர் விரைய வேண்டும். ஏதோ ஓர் இஸ்தோப்பிற் பொதியை வைத்து, அதனைப் படம் பிடித்துக்கொண்டு செல்கிறார்.

அப்படம் எதற்குச் சான்று? பொதி ஒரு வாசலுக்கு வந்தது என்பதற்கே சான்று. உரியவர் கையை அடைந்தது என்பதற்கு அன்று. பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் வாங்கும் பழைய முறை இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்திருந்தது. விரைவின் பொருட்டு அதனைக் கைவிட்டமை விவேகமெனத் தோன்றவில்லை.

களவு ஒன்றே ஆபத்தன்று. மாலை வரை எடுக்கப்படாது கிடக்கும் பொதி, வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கு அறிவித்துவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் இஸ்தோப்பையும் விடாது, அட்டைப்பெட்டி கூழாகும். வெயிலடித்தாலோ, குளிர்ச்சியில் வைக்கவேண்டிய இன்சுலின் போன்ற மருந்து கெடும். இவற்றினும் கொடிது, பள்ளிவிட்டு முதலில் வீடு திரும்பும் குழந்தை பொதியைப் பிரிப்பது. கர்ப்பிணிகள் உண்ணும் இரும்புச்சத்து மாத்திரைகள் சில, மேற்பூச்சினால் மிட்டாய் போலவே தோன்றும். சிறு குழந்தை அவற்றை அளவின்றி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வயலுக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ தருவித்த பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இவையெல்லாம் நாம் கேட்டு வாங்கிய பொதியைப் பற்றியவை. எவர் வைத்தாரென்று அறியாத பொதியின் கதை வேறு. 1996 யூலை 24ஆந் திகதி தெகிவளையிற் புகையிரதப் பெட்டிகளுக்குள் பிரயாணப் பைகளில் மறைத்திருந்த குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் பேருந்தில் ஏறியவர் ஆசனத்தின் அடியைக் குனிந்து பார்த்த பின்னரே அமர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அதே அச்சம் மீண்டது. ஆகவே, உரியவர் இன்னாரெனத் தெரியாத பொதியைத் தொடாமல், பிறரையும் அணுகவிடாமல், 119 என்னும் எண்ணிற் பொலிசாருக்கு அறிவித்தலே தக்கது. வாங்கிய பொருட்கள் வாசலிற் கிடப்பது வழக்கமாகிவிட்டால், ஐயத்துக்குரிய பொதியை இனங்காண்பதும் அரிதாகும்.

லயத்தில் இதற்கு வழியில்லாமலில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருத்தியேனும் பகலில் அங்கே இருப்பாள். வருவோர் போவோரை அவள் அறியாததில்லை. அவள் சம்மதத்துடன் அவள் காம்பிரா எண்ணையும் பெயரையும் விலாசத்திற் சேர்த்து எழுதலாம். தோட்டத்துப் பெயருடன் பிரிவு, லய எண், காம்பிரா எண், தொலைபேசி எண் ஆகியவற்றையும் தவறாது குறிக்க வேண்டும். மருந்தாயின், கொட்டகலைக் கடைவீதியில் அறிந்த கடையொன்றுக்கு அனுப்பச் செய்து, வேலை முடிந்து மாலையிற் சென்று பெற்றுக்கொள்ளலாம். காசு கொடுத்துப் பெறும் பொதியாயின், பெறுபவரிடம் எவ்வளவு கொடுக்க வேண்டுமென்பதை முன்னரே சொல்லிவைத்தல் நன்று; கேளாத பொதிக்குக் காசு கொடுத்து ஏமாந்த முதியோர் பலர்.