பார்வோன் சாபமும் படக்கருவியும்



சாபம் என்பது நம் நாட்டுச் சரக்கு மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 3,300 வருஷங்களுக்கு முன் எகிப்தில் இறந்த துத்தன்காமுன் என்ற வாலிப அரசனுடைய சமாதியை 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் என்பவர் கண்டுபிடித்தார். அதற்குப் பணம் போட்ட கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரலில் கொசுக்கடிப் புண்ணில் விஷமேறி இறந்தார். உடனே மேல்நாட்டுப் பத்திரிகைகள் "பார்வோன் சாபம்" என்று ஊதிவிட்டன. பணம் கொடுத்தவரைக் கொன்ற சாபம், சமாதியைத் தோண்டித் திறந்த கார்ட்டரை என்ன செய்தது? அவர் 1939 வரை இருந்து 64-ம் வயதில் இறந்தார்!

சாபத்தை நம்பாத படித்தவர்களும் ஒரு கதை கட்டினார்கள். 1968-ல் எடுத்த எக்ஸ்ரே படத்தில் மண்டைக்குள் எலும்புத் துணுக்கு தெரிந்தது. அரசனை மண்டையில் அடித்துக் கொன்றார்கள் என்றார்கள்.

எக்ஸ்ரே படம் வெறும் நிழல். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சி.டி. ஸ்கேனோ உடம்பைச் சுற்றிவந்து எக்ஸ்ரே செலுத்தி, கம்ப்யூட்டர் கணக்கினால், வெள்ளரிக்காயை வட்டமாய் அரிந்து வைத்ததுபோல் உள்ளே இருப்பதைக் காட்டும். 1971-ல் ஹவுன்ஸ்பீல்டு என்பவருடைய கருவியால் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தபோது ஒரு துண்டுக்கே பல நிமிஷமாயிற்று. இன்றைய பலதுண்டுக் கருவி ஒரே சுற்றில் பல துண்டுகளைப் பிடிக்கிறது. மார்பு முழுவதும் சில விநாடி வேலை.

2005 ஜனவரியில் அந்த அரசன் பிணத்தைச் சுமார் 1,700 படங்கள் பிடித்தார்கள். வயது சுமார் 19; மண்டையில் அடிபட்ட அடையாளம் இல்லை; துணுக்குகள் இறந்த பிறகு உண்டானவை; இடது தொடை எலும்பு முறிந்திருந்தது என்று கண்டார்கள். சாபக் கதையோடு கொலைக் கதையும் போயிற்று.

செத்த அரசனைப்பற்றி நமக்கென்ன கவலை? உயிரோடிருக்கும் நம்மவர் விஷயத்துக்கு வருவோம். திடீரென்று ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலும் அப்படித்தான், உடைந்தாலும் அப்படித்தான். அடைப்பைக் கரைக்கும் மருந்தை உடைப்புக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று பிரித்துக் காட்டுவது ஸ்கேன். அம்மருந்தையும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் "காற்றுச் சேஷ்டை" என்று மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தால், நஷ்டம் யாருக்கு?

அதற்காக ஸ்கேனையும் ஒரு சாமியாக்கிவிடாதீர்கள். அதன் கதிருக்கும் கெடுதல் உண்டு. அவசியம் கேட்டறிந்தே எடுக்கவேண்டும். எதையும் ஏன், எதற்கு என்று கேளுங்கள் என்று கூறி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.