பழைய கணிப்பொறியும் புதிய விளையாட்டும்



கணிப்பொறி விளையாட்டைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விளையாடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வீட்டில் பழைய பொறி ஒன்று இருக்கிறது. கையிலோ பணம் குறைவு. அப்பொறியை விளையாட்டிற்கு ஏற்றதாக ஆக்குவது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள்.

முதலில் செய்யத்தக்கது கடைக்குச் செல்வதன்று. குறை எங்குள்ளது என்று காண்பதே. நாடி பாராது மருந்து தருபவன் நல்ல வைத்தியன் ஆகான். விளையாட்டின் படத்தை 1920க்கு 1080 புள்ளிகள் என்ற அளவிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். பெருக்கிப் பார்த்தால் முன்னது 20 இலட்சத்திற்கும் மேல். பின்னது சுமார் 9 இலட்சம். குறைத்ததும் ஓட்டம் விரைவுபட்டால், குறை படம் தீட்டும் கிராபிக்ஸ் பகுதியில் உள்ளது. மாறவில்லையெனில், செயலியையோ நினைவகத்தையோ ஐயுறலாம். காசு செலவில்லாத இச்சோதனையே சிலருக்கு மருந்தாகவும் அமைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகம், ஹார்ட் டிஸ்க். இதற்கு என்ன செய்யலாம்?

முதலாவது, தூசு துடைத்தல். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நினைவகம். ஒத்த அளவுள்ள இரண்டு அட்டைகளை உரிய இரு துளைகளில் பொருத்தினால், செய்தி இரு வழிகளில் பாயும். இப்பொறிக்கு டிடிஆர்3 வகையே வேண்டும். டிடிஆர்4 அதில் பொருந்தாது.

மூன்றாவது, எஸ்எஸ்டி. இதனால் விளையாட்டு திறக்கும் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஆயினும் நொடிக்கு இத்தனை படம் என்னும் கணக்கை இது உயர்த்துமென்று எதிர்பார்க்கலாகாது.

நான்காவதே கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் பலர் பணத்தை இழக்கின்றனர். அட்டையைப் பொருத்தும் துளை தரும் மின்சாரம் 75 வாட் வரையே. அதற்கு மேல் வேண்டும் அட்டைக்குத் தனி மின்கம்பி தேவை. பழைய பவர் சப்ளை அச்சுமையைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அட்டையில் தனிக் கம்பி வேண்டாத வகைகள் உண்டு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியோ, நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பொறியில் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. புதியதெல்லாம் பழைய பொறிக்கு நன்றென்று எண்ணற்க.

எங்கே நிறுத்துவது? செயலியை மாற்ற விரும்பினால், பெரும்பாலும் அதே பலகையில் பொருந்தும் ஐ7-4770 போன்றவை பழைய பொருள் சந்தையில் கிடைக்கக்கூடும். அதற்கு மேல் செல்லின் பலகை, நினைவகம் யாவும் மாறும். அது பழுதுபார்த்தல் அன்று, புதுப்பொறி வாங்குதலே. மேலும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் நான்காம் தலைமுறை இல்லை. ஆகவே இப்பொறியில் பெருந்தொகையைக் கொட்டுதல் தகாது.

நண்பர்களே, வீட்டாரிடம் பணம் கேட்குமுன், எந்த உறுப்பு, எதற்காக, என்ன விலை என மூன்று வரிகள் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத இயலாதபோது, வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறியுங்கள். பெற்றோர் ஈட்டிய பணத்திற்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.