பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்



2015 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர்ப் பிரதமர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங்கிற்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றது அது. அவருக்கு வயது 63. எம்ஆர்ஐ படத்தில் சந்தேகம் எழுந்து, திசுச் சோதனை செய்தார்கள். எடுத்த 38 துணுக்குகளில் ஒன்றில் மட்டுமே புற்றணுக்கள் இருந்தன. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் 2024 மே மாதம் வரை அவர் பிரதமராகப் பணியாற்றினார்.

நாட்டின் தலைவரே மறைக்காமல் சொன்ன நோய் இது. ஆனால் தேக்காவில் காப்பி குடித்தபடி சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி என்று எல்லாவற்றையும் பேசும் பெரியவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை. மனைவியிடமும் மறைப்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் ஆண்களுக்கு அதிகம் வரும் மூன்று புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளவு கூடினாலே புற்றுநோய் என்று பொருள் அல்ல. வயதாக ஆகச் சுரப்பி பெருத்தாலும், சிறுநீரில் கிருமி தொற்றினாலும் அது கூடும். உறுதி செய்வது திசுச் சோதனைதான். அதற்குப் பின் சில நாள்கள் சிறுநீரில் ரத்தம் கலந்து வரலாம். விந்தில் சில வாரங்கள் வரை ரத்தக்கறை தெரியலாம். இவை பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து வருவதுதான் கடினமான கேள்வி. அகற்றுவதா, கதிர்வீச்சா, கண்காணிப்பா? பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். 2023ல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு முதல் மூன்று பேர்தான். அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் கூடுதல். கதிர்வீச்சு பெற்றவர்களில் சிலருக்குக் குடல் தொல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் சிலருக்கு நோய் பரவியது. அது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னாளில் சிகிச்சைக்கு மாறினார்கள்.

இது தொடக்க நிலை நோய்க்கான கணக்கு. முற்றிய நோய்க்குப் பொருந்தாது. ஒருவருக்குச் சரியான வழி அடுத்தவருக்குச் சரியாகாது. புற்றணுக்களின் தீவிரம், வயது, மற்ற நோய்கள் எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

கண்காணிப்பு என்பது சும்மா இருப்பதன்று. தவறாமல் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, மீண்டும் திசுச் சோதனை என்று தவணை தவறாமல் போக வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊருக்குப் போய் இரண்டு வருடம் வராமலிருந்தால் அது கண்காணிப்பு ஆகாது, கைவிடல்தான்.

மருத்துவரிடம் போகும்போது மனைவியையோ மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. பயத்தில் ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும். நோயின் தீவிரம் என்ன, காத்திருந்தால் என்ன ஆகும், சிகிச்சைக்குப் பின் சிறுநீரும் இல்லறமும் எப்படி இருக்கும் என்ற மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துக்கொள்ளவும் வேண்டாம், அலட்சியத்தில் தள்ளிப்போடவும் வேண்டாம்.