இடையளவும் நீரிழிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

நீரிழிவு செல்வர் வீட்டு நோய்; உழைத்துண்ணும் நமக்கு அது வாராது என்னும் எண்ணம் நம் தெருக்களில் இன்றும் நிலவுகிறது. அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் இந்நோயால் பெரிதும் துன்புற்றார். 1956 டிசம்பர் 6 அன்று, 65ஆம் அகவையில் மறைந்தார். அப்பேருழைப்பாளியையே வாட்டிய நோயை நாம் அறிந்திருத்தல் கடமையன்றோ?

பருத்தவருக்கே இந்நோய் வரும் என்பதும் முழு உண்மையன்று. கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே சேர்கிறது என்பதே முதன்மையானது. இதனை 1947இலேயே பிரான்சு நாட்டின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் எடுத்துக்காட்டினார். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. வயிற்றினுள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேர்வதோ இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அது தளரும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

பூனா மருத்துவர் யாஜ்னிக் 2004இல் தம்மையும் ஆங்கிலேய நண்பர் யூட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார். உயரத்திற்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3. ஆயின் உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! பூனாவை அடுத்த சிற்றூர்களில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளிடத்தும், தசை குறைந்த அளவிற்குக் கொழுப்பு குறையவில்லை என அவர் குழுவினர் கண்டனர். அரைவயிற்றுக் கஞ்சியுடன் களையெடுத்த தாய்மாரின் பட்டினி, பிள்ளைகளின் உடலிலும் தடம் பதிக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் பல்லடம் வட்டாரத்தின் வாழ்வும் மாறிவிட்டது. கம்மங்கூழும் சோளச்சோறும் அருகின. அரிசிச் சோறே மூவேளையும் ஆயிற்று. காட்டுவேலைக்கு நடந்த கால்கள், இன்று பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தின்முன் நாள் முழுதும் அமர்ந்துள்ளன. கை கால் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளுவதை நாம் பொருட்படுத்துவதில்லை.

இதனை அறியப் பெரும் கருவி வேண்டா; துணியளக்கும் இஞ்சு டேப்பே போதும். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவில், மூச்சை வெளிவிட்டபின், இறுக்காமல் அளக்க வேண்டும். ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் எச்சரிக்கை கொள்க. அளவு மிகுந்தால் நோய் வந்துவிட்டதென்று பொருளன்று. குறைந்தால் வாராதென்ற உறுதியும் இல்லை. இரத்தப் பரிசோதனையே உண்மை கூறும். அதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்து கொள்ளலாம்.

தடுக்கவும் வழியுண்டு. சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் நின்றோர்க்கு நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் நோய்வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன.

இளைஞர்களே! நோய் முற்றிக் காலை இழந்தபின் மருத்துவமனை செல்வது ஏழைக் குடும்பத்தின் கல்வியையும் சேர்த்தே விழுங்கிவிடும். மருத்துவச் செலவிற்காக முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பன்றோ? ஆகவே, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் ஐந்து வீட்டுப் பெரியோரின் இடையை அளந்து, தேவைப்படுவோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும் வழி இதுவே.